தாய் குடித்த மருந்து

போன வாரக் கதையில் தனேஸ்வரியைக் காரின் பின்சீட்டில், கண் திறக்காத பிள்ளையோடு விட்டுவிட்டு வந்தோம். கார் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிள்ளையை நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நெஞ்சு ஏறி இறங்குவதை வைத்துத்தான் உயிர் இருக்கிறதென்று சொல்ல முடிந்தது.

கதவுக்கு வெளியே மூன்று பேர். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

கணேஸ்வரன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். ரவாங்கில் தொழிற்சாலை வேலை; சனி ஞாயிறு மட்டும் கோலா சிலாங்கூருக்கு வந்து பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறவன். அவனுக்குப் பக்கத்தில் அக்கா புனிதவதி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்துகிறவள். தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள். சற்றுத் தள்ளி, சுவரோடு சுவராகத் தனேஸ்வரி. பிள்ளை பெற்று இன்னும் ஒரு மாதம்கூட நிறையவில்லை.

தனேஸ்வரிக்கும் தாய் இல்லை. சபாக்கில் சித்தி இராஜம்மா இருக்கிறாள். ஆனால் அந்த அம்மாளிடம் போய்ப் பத்தியம் இருப்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்பது தனேஸ்வரியின் கட்சி. அதனால்தான் பிரசவம் ஆனதும் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். "அண்ணி, நீங்க பாத்துக்குவீங்கல்ல?" என்று அவளே வாய்விட்டுக் கேட்டுத்தான் வந்தாள்.

புனிதவதிக்குப் பிள்ளை இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் அவளைப் பற்றி யார் பேசினாலும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். வளைகாப்பில் இராஜம்மா வளையல் அடுக்கிக்கொண்டே சொன்னாளே, "பெறாதவ கையிலயா பத்தியச் சோறு? நல்லா இருக்கு லா நியாயம்!" என்று. நல்ல நாளும் அதுவுமாக நரம்பில்லாத நாக்கு பேசின பேச்சு. புனிதவதி அன்றைக்குச் சிரித்த முகமாக எல்லோருக்கும் பாயசம் ஊற்றினாள். அப்புறம் அடுப்படியில் போய் அழுதாள்.

சரி, இன்று காலைக்கு வருவோம். பிள்ளை பாலுக்கு எழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினார்கள், ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார்கள். ஒரு சிணுங்கல்கூட இல்லை. கணேஸ்வரன் கார்ச் சாவியைத் தேடி ஓட, புனிதவதி பேம்பர்ஸ் எடுக்கத் தனேஸ்வரியின் பைக்குள் கையை விட்டாள். அடியில், ஒரு காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்த மாத்திரை அட்டை கையில் வந்தது.

"என்னடி இது?"

தனேஸ்வரி அட்டையை வாங்கக் கையை நீட்டினாள்.

"கேக்குறேன்ல? என்ன மாத்திரை?"

"மனசு சரியில்லன்னு கிளினிக்ல குடுத்தது, அண்ணி. எந்நேரமும் அழுகையா வருது. காரணமே இல்லாம வருது. அதுக்கு."

"பைத்தியத்துக்குப் போடுற மாத்திரையா?"

இதைக் கேட்டது சாவியோடு திரும்பி வந்த கணேஸ்வரன். கட்டின புருஷன்.

"நீ முழுங்குறது பாலு வழியா பிள்ளைக்குப் போகும்னு தெரியாதா உனக்கு? படிச்சவதானே நீ! பச்சைப் பிள்ளைக்கு விஷத்தை ஊட்டிட்டியேடி!"

புனிதவதி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தங்கமணி கையில் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். தங்கமணி கேட்டால் தோட்டமே கேட்ட மாதிரி.

தனேஸ்வரி பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினாள். அண்ணி சொன்னதைத்தான் அவளும் நம்பினாள்.

* * *

டாக்டர் ஆலியா வெளியே வந்தாள். இளம்பெண். பஸ் ஸ்டேஷன் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற நாகூர் மீரான் பாயின் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிய காலத்திலிருந்தே புனிதவதிக்கு அவளைத் தெரியும்.

"பிள்ளைக்கு ஆக்சிஜன் வெச்சிருக்கோம். மூச்சு இருக்கு, ஆனா ரொம்ப மந்தம். கண்ணு பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. அம்மா, நீங்க என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

தனேஸ்வரி பேசுவதற்குள் புனிதவதி மாத்திரை அட்டையை நீட்டினாள். போலீஸில் களவுப் பொருளை ஒப்படைக்கிற தோரணை.

"இதான் டாக்டர். எங்க யாருக்கும் தெரியாம ஒளிச்சு வெச்சு முழுங்கியிருக்கா."

ஆலியா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவா? பால் குடுக்கிற அம்மாங்களுக்கு யோசிச்சுத்தான் இதக் குடுப்போம். பாலுல போறது ரொம்பக் கொஞ்சம். இதனால பிள்ளை இப்படி ஆகாது."

தனேஸ்வரி தலையைத் தூக்கினாள். "நெசமாவா டாக்டர்?"

"நெசமா. பயந்துக்கிட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, அது வேற கஷ்டம். ஆனா பிள்ளைய பாத்தா தூக்கம் குடுக்கிற மருந்து எதுவோ உள்ள போன மாதிரி இருக்கு. அம்மா சாப்பிடுற மருந்து எல்லாமே கொஞ்சமாவது பாலுக்கு வரும். எந்த மருந்து, எவ்வளவு, பிள்ளை எவ்வளவு சின்னதுங்கிறதுதான் விஷயம். வலி மாத்திரை, இருமல் மருந்து, ஜாமு மாதிரி நாட்டு மருந்து, ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல டாக்டர். அண்ணி வெச்சுக் குடுக்கிற கஷாயம் மட்டும்தான்."

ஆலியா புனிதவதியின் பக்கம் திரும்பினாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. எல்லோரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"கஷாயத்துல என்னென்ன போடுவீங்க, ஆன்ட்டி?"

"இஞ்சி, மிளகு, பூண்டு, ஓமம். கருப்பட்டி." புனிதவதி விரல்விட்டு எண்ணினாள். "வேற என்ன போடுவாங்க?"

"வேற எதுவும் இல்லையே?"

"இல்ல லா, டாக்டர்."

பச்சைப் பொய்.

'இருமல் மருந்து' என்று ஆலியா வாயிலிருந்து வந்ததுமே புனிதவதிக்கு விளங்கிவிட்டது. அவள் புருஷன் அழகேசன் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர். இருமல் வந்து ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து வாங்கினார். "இதக் குடிச்சிட்டு வண்டி எடுக்காதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வண்டி எடுக்காவிட்டால் சோறு எங்கிருந்து வரும்? ஒரு நாள் குடித்தார், அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார், மறுநாளே போத்தலை அலமாரியில் வைத்துவிட்டார்.

போன வாரம் பிள்ளைக்குச் சளி கட்டி, இருமல் வந்தது. புனிதவதிக்கு அந்தப் போத்தல் ஞாபகம் வந்தது.

பால் குடிக்கிற பிள்ளைக்கு நோவு என்றால் மருந்து தாய்க்கு. தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த வைத்தியம் இது. தாயைப் பத்தியத்தில் வை, தாய்க்கு மருந்தைக் கொடு, பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பச்சைப் பிள்ளையின் வாயில் நேராக ஊற்றுவதைவிட இது பத்திரம் என்று சொல்வார்கள். தனேஸ்வரியிடம் சொல்லியிருந்தால், "மிஸ்ஸிய ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் அண்ணி" என்பாள். எதற்கெடுத்தாலும் மிஸ்ஸி! ஏன், வீட்டில் இருக்கிறவளுக்கு ஒன்றும் தெரியாதா? அந்த ரோஷத்தில்தான் சொல்லாமலே செய்தாள். காலையிலும் சாயங்காலமும் கஷாயத்தில் ஒரு மூடி கலந்தாள். கருப்பட்டி இனிப்பில் ஒன்றும் தெரியவில்லை.

பிள்ளையின் இருமல் நின்றது. அழுகையும் நின்றது. "பாத்தீங்களா, என் கைராசிய!" என்று அழகேசனிடம் பெருமையடித்துக்கொண்டாள். தனேஸ்வரியும் பகலெல்லாம் தூங்கி வழிந்தாள். அதற்குச் சோம்பேறிப் பட்டம் வேறு கொடுத்தாயிற்று.

பாலில் போகும் என்று தெரியாமல் செய்தவள் இல்லை அவள். போக வேண்டும் என்றே செய்தவள். காலையில் ஊர் கேட்கத் தான் போட்ட சத்தம் இப்போது அவள் காதிலேயே இரைந்தது.

* * *

பெண்கள் கழிப்பறையில் தண்ணீர்த் தொட்டி முன்னால் தனேஸ்வரி குனிந்து நின்றிருந்தாள். பால் கட்டிக்கொண்டுவிட்டது. என்ன மருந்து என்று தெரிகிறவரை பால் கொடுக்க வேண்டாம், கறந்து ஊற்றிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கறந்து கறந்து ஊற்றினாள். வெள்ளையாக ஓடியது.

புனிதவதி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தாய்ப்பாலைக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாது, செடி மூட்டில்தான் ஊற்ற வேண்டும் என்று தனேஸ்வரிக்குச் சொல்லிக் கொடுத்தவள் இவள்தான்.

"மாத்திரையால இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்கல்ல" என்றாள் மெதுவாக.

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாங்க அண்ணி. நீங்க சொன்னதுதான் சரி. என் பாலுதான் பிள்ளைய இப்படி ஆக்கிடுச்சு."

"உன் புருஷன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வெட்கமா இருந்துச்சு. பிள்ளை பெத்த வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் பாத்ரூம்ல தண்ணிய திறந்து விட்டுட்டு அழுவுறேன். இத எப்படிச் சொல்றது? அதுவும் உங்ககிட்ட."

"என்கிட்டன்னா?"

தனேஸ்வரி ரவிக்கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு பிள்ளைக்காக நீங்க ஏறாத கோயில் இல்ல. உங்ககிட்ட வந்து, பெத்தும் எனக்குச் சாகணும்போல இருக்கு அண்ணின்னு எந்த வாயால சொல்லுவேன்?"

புனிதவதி ஆடிப்போய்விட்டாள். இந்தப் பெண் தன் வீட்டில், தனக்காகவா வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறாள்? இப்போதாவது சொல்லியிருக்கலாம். 'நான்தாண்டி' என்று ஒரே ஒரு வார்த்தை.

"வீட்டுக்குப் போய் மாத்துத்துணி எடுத்துட்டு வரேன்" என்றாள்.

* * *

வீட்டு வேலிப்பக்கம் தங்கமணி காத்திருந்தாள்.

"என்னாச்சு லா? அந்தப் பொண்ணு பைத்திய மாத்திரை முழுங்குதாமே? சபாக்குக்குப் போன் போட்டுச் சித்திக்காரிகிட்ட சொல்லிட்டேன். பெரியவங்கன்னு ஒருத்தர் வந்து கேக்க வேணாமா?"

"உனக்கு வேற வேலையே இல்லையா தங்கமணி?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மாத்துத்துணி எடுக்க அவள் வரவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள். அலமாரியில் ஓமத் தண்ணீருக்குப் பின்னால் போத்தல் இருந்தது. பாதி காலி. குழாயைத் திறந்துவிட்டு, மூடியைத் திருகினாள்.

வெளியே லோரி வந்து நிற்கிற சத்தம். அழகேசன் மில்லுக்குப் போகிற வழியில் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தார். தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தவர் அவள் கையைப் பார்த்தார்.

"அது என்னோட மருந்துல்ல? ஒரு நாள்தானே குடிச்சேன். பாதிய காணோம்?"

புனிதவதி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சொன்னாள். அழகேசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"ஊத்திடு."

"என்னங்க சொல்றீங்க?"

"ஊத்திட்டுப் போத்தல என்கிட்ட குடு. போற வழியில எங்கயாவது கடாசிடுறேன். டாக்டருங்க பிள்ளைய பாத்துக்குவாங்க. இது வெளிய தெரிஞ்சா உன்ன சும்மா விடுவாங்கன்னா நினைக்கிற? பெறாதவளுக்குப் பிள்ளை அருமை எங்க தெரியும்னு சபாக் வரைக்கும் பேசுவாளுங்க. கல்யாணமான நாள்ல இருந்து கேட்டுட்டேன் லா. இனிமே என்னால கேக்க முடியாது."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வம்பு. திட்டியிருந்தால் அவளுக்கு ஒரு வழி பிறந்திருக்கும்.

அப்போது போன் அடித்தது. கணேஸ்வரன்.

"அக்கா, இவ மூத்திரத்தப் பாத்துட்டாங்க. மார்பின் இருக்காம். ஹெராயின் குடும்பத்துச் சாமானாம். பிள்ளைக்கும் அதேதான் வந்திருக்கு."

"பிள்ளை எப்படி இருக்கு?"

"ஊசி ஒண்ணு போட்டாங்க. கண்ணத் திறந்து வீல்னு கத்துச்சு. ஆனா ஊசி வேகம் இறங்குச்சுன்னா திரும்பவும் மூச்சு அடங்கலாமாம். உள்ள போனது என்ன, எவ்வளவு, கடைசியா எப்பன்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. இவ ஒண்ணுமே இல்ல, ஒண்ணுமே இல்லன்னு ஒரே பாட்டப் பாடுறா. பிள்ளை யார்கிட்ட இருக்கணும்னு பாக்க வெல்ஃபேர் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்திருக்கு கா. மானம் போச்சு."

"கணேசு, நான் சொல்றத..."

"நீ கேளுக்கா. நான் முடிவு பண்ணிட்டேன். இவள சபாக்ல கொண்டுபோய் விட்டுடுறேன். பிள்ளைய நீ வெச்சுக்க. என்ன வளத்த மாதிரி வளத்துடு. வெல்ஃபேர்லயும் அப்படியே சொல்லிடுறேன். அது இனிமே உன் பிள்ளை கா."

எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். புனிதவதிக்குச் சந்தோஷம் வந்தது.

வந்ததே, பாவி மகளுக்கு! உடம்பெல்லாம் குப்பென்று ஒரு சூடு. இந்தக் கூடத்தில் தொட்டில் ஆடுவது தெரிந்தது. சீருடை போட்ட ஒரு பெண்பிள்ளை கேண்டீனுக்கு ஓடி வந்து 'அம்மா, பசிக்குது' என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எத்தனை கோயில், எத்தனை விரதம், எத்தனை டாக்டர். எல்லாம் கைவிட்ட பிறகு ஒரு போத்தல் இருமல் மருந்து கொடுத்துவிட்டதே! வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். "அக்கா, கேக்குதா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கணேஸ்வரன் போனை வைத்தான்.

'ஊசி வேகம் இறங்குச்சுன்னா.' அந்த வார்த்தை அதற்குப் பிறகுதான் உறைத்தது. பிள்ளைக்கு மூச்சு அடங்கினாலும் அடங்கலாம். உள்ளே போனது என்னவென்று சொல்லத் தெரிந்தவள் ஒருத்தி இங்கே நின்று தொட்டில் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"ச்சீ" என்றாள் வாய்விட்டு. காறித் துப்ப வேண்டும்போல இருந்தது, தன் மேலேயே.

"என்னடி?"

"லோரிய எடுங்க. ஆஸ்பத்திரிக்கு."

"குலை ஏத்தியிருக்கேன். மில்லுல இன்னிக்குள்ள இறக்கலன்னா..."

"அழுகட்டும்!"

குழாயை மூடினாள். போத்தலையும் இறுக்கி மூடினாள். வழியெல்லாம் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

* * *

செம்பனைக் குலை லோரி ஆஸ்பத்திரிக்குள் வரக் கூடாது என்று வாசல் காவலுக்கு நின்ற ஜாகா கையை ஆட்டிக் கத்தினான். புனிதவதி வாசலிலேயே குதித்து இறங்கி உள்ளே ஓடினாள்.

அறையில் எல்லோரும் இருந்தார்கள். ஆலியா, கணேஸ்வரன், வெல்ஃபேர் ஆபீஸிலிருந்து வந்த மலாய்க்கார அம்மாள். போதாததற்கு இராஜம்மாவும் வந்து, தோளில் தொங்குகிற பையைக்கூட இறக்காமல் நின்றிருந்தாள். தனேஸ்வரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையில் பால் கசிந்து ஈரம் பரவியிருந்தது. அதை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை. மார்பில் கம்பி ஒட்டியிருந்தார்கள்.

புனிதவதி யாரையும் பார்க்கவில்லை. போத்தலை ஆலியா முன்னால் மேசையில் வைத்தாள்.

"இதான் டாக்டர். நான்தான் கஷாயத்துல கலந்தேன். காலையில ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி. பிள்ளைக்கு இருமல் வந்த மறுநாள்ல இருந்து. கடைசியா நேத்து சாயங்காலம். அவளுக்குத் தெரியாது. அவ ஒண்ணும் செய்யல."

ஆலியா போத்தலில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"கோடீன்" என்றாள். "உடம்புக்குள்ள போயி இதுதான் மார்பினா மாறுது. சில பேருக்கு ரொம்ப வேகமா மாறி, பாலுல நிறைய இறங்கிடும். பச்சைப் பிள்ளையால அதத் தாங்க முடியாது."

மிஸ்ஸியைக் கூப்பிட்டு மலாயில் என்னவோ வேகமாகச் சொன்னாள். மிஸ்ஸி போத்தலோடு உள்ளே போனாள். ஆலியாவும் பின்னாலேயே போகத் திரும்பியவள், கதவண்டை நின்றாள்.

"காலையில கேட்டேனே, ஆன்ட்டி."

"கேட்டீங்க."

"ரெண்டு தடவை கேட்டேன்."

புனிதவதி தலையை ஆட்டினாள். ஆலியா போய்விட்டாள். அவள் அப்பன் கடையில் நூறு பேர் முன்னால் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"அக்கா, நீயா?" என்றான் கணேஸ்வரன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெண்டாட்டியைப் பார்க்க அவனுக்கு எங்கே முகம் இருக்கிறது? "தனேசு, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்று சுவரிடம் சொன்னான். தனேஸ்வரி காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இராஜம்மாவுக்குத்தான் கொண்டாட்டம். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? பெறாதவ கையில..."

"சித்தி, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் தனேஸ்வரி.

புனிதவதி அவள் முன்னால் போய் நின்றாள். வயதில் இளையவள் காலில் விழ முடியாது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு நல்லதுன்னுதான் குடுத்தேன். அது சத்தியம். அதுக்கப்புறம் செஞ்சதெல்லாம் எனக்காகச் செஞ்சது. உன் தலையில பழியப் போட்டுட்டு நான் நல்லவ மாதிரி நின்னேன். இவங்க இப்படிப் பேசுவாங்கன்னு பயந்துக்கிட்டு" என்று இராஜம்மாவைக் காட்டினாள். "பேசட்டும். என்ன மன்னிக்கணும்னு நான் கேக்கல, தனேசு."

வெல்ஃபேர் அம்மாள் இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழ் புரியாவிட்டாலும் முகங்கள் புரிந்திருக்க வேண்டும். ஆலியா திரும்பி வந்து விவரம் சொன்னதும் மலாயில் நிதானமாகத் தனேஸ்வரியைக் கேட்டாள். பிள்ளை தேறினால், ஆஸ்பத்திரியிலிருந்து எந்த வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள்? யாரோடு இருப்பீர்கள்?

"ரவாங்குக்கு" என்றான் கணேஸ்வரன் அவசரமாக. "நான் லீவு போடுறேன்."

"சபாக்குக்கு!" என்றாள் இராஜம்மா. "யாரும் இல்லாதவளா இவ?"

தனேஸ்வரி நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அவள் வீட்டு ஆட்களை நேராகப் பார்த்தது அதுதான் முதல்.

"அண்ணி, உங்க தம்பி உங்களுக்குப் போன் பண்ணப்போ நான் இங்கதான் உக்காந்திருந்தேன். பிள்ளைய நீ வெச்சுக்க, அது இனிமே உன் பிள்ளைன்னு சொன்னாரு. எல்லாம் கேட்டுச்சு. நீங்க என்ன சொன்னீங்கன்னுதான் கேக்கல. வேணாம்னு சொன்னீங்களா?"

சொன்னேன் என்று சொல்லிவிடலாம். கணேஸ்வரன் காட்டிக்கொடுக்க மாட்டான். இன்றைக்குச் சொன்ன பொய்களில் இது சின்னப் பொய்தான். நல்ல பொய் என்றுகூடச் சொல்லலாம். அழகேசன் வாசலில் வந்து நின்று, சொன்னேன்னு சொல்லு என்பதுபோலத் தலையை ஆட்டுவது கடைக்கண்ணில் தெரிந்தது.

"சொல்லல" என்றாள் புனிதவதி.

"ஏன் அண்ணி?"

இராஜம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆசையா இருந்துச்சு, தனேசு."

இராஜம்மா தோளில் தொங்கிய பையை மெல்ல இறக்கி வைத்தாள். எந்த வீட்டுக்கு என்று தனேஸ்வரி சொல்வதற்காக வெல்ஃபேர் அம்மாள் காத்திருந்தாள்.